ஓடெகார்டை வளர்த்த இரவல் வருஷங்கள்

நெதர்லாந்தின் வடக்கே, ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் ஹீரன்வீன் என்று ஒரு சிறிய ஊர். வெளியூர்க்காரர்களுக்கு அதன் ஐஸ் ஸ்கேட்டிங் அரங்கம்தான் தெரியும். அந்த ஊர்க் கால்பந்து அணியின் ஜெர்சியில் நீல, வெள்ளைப் பட்டைகளுக்கு நடுவே சிவப்பு இதயங்கள் மாதிரி ஏதோ இருக்கும். உண்மையில் அவை அல்லி இலைகள். மாகாணக் கொடியிலிருந்து எடுத்தவை. 2017 ஜனவரியில் அந்த ஜெர்சியை மாட்டிக்கொண்டு வந்து நின்றார் 18 வயது நார்வேக்காரர் ஒருவர். இரண்டே வருஷம் முன்பு ஐரோப்பாவின் பெரிய கிளப்கள் வரிசையாக வாசலில் காத்துநின்ற பையன். ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் வாங்கியது. ஒன்றும் சரியாக அமையவில்லை. இப்போது அதே கிளப், ஒப்பந்தத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அவரை இரவலாக இங்கே ஆட அனுப்பியிருந்தது.

“அவ்வளவுதான், இன்னொரு அதிசயப் பிள்ளை முடிந்தது” என்பதுதான் அன்றைய பொதுவான பேச்சு. பின்னாளில் லண்டனின் ஆர்சனல் கிளப்புக்கும் நார்வேக்கும் கேப்டனான மார்ட்டின் ஓடெகார்டின் கதையை இன்றைக்குச் சொல்பவர்கள்கூட இந்தக் கட்டத்தை ஒரு சரிவாக, கடந்து வந்த கெட்ட காலமாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 15 வயதில் அறிமுகமானது பெயரைத்தான் கொடுத்தது. நடுகள ஆட்டத்தைக் கொடுத்தது யாரும் பெரிதாகக் கவனிக்காத அந்த நாலு வருஷம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நார்வேக்காரர்கள் அதை ஏறக்குறைய ‘ஓடெகோர்’ என்றுதான் சொல்வார்கள். ஆங்கில வர்ணனையாளர்களால் ‘ஓடெகார்ட்’ என்று ஆகிவிட்டது. நமக்கும் அப்படியே பழகிவிட்டது, அப்படியே இருக்கட்டும்.

அவர் பிறந்தது 1998 டிசம்பர் 17, ட்ராமென் நகரில். அப்பா ஹான்ஸ் எரிக் உள்ளூர் கிளப்பான ஸ்ட்ரோம்ஸ்கோட்செட்டின் பழைய மிட்ஃபீல்டர், அதாவது நடுகள வீரர். பையனுக்கு முதல் பயிற்சியாளரும் அவர்தான். பந்து வந்து சேர்வதற்கு முன்பே தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்த்துக்கொள்வது, முதல் தொடுகையிலேயே அடுத்த திசைக்கு உடம்பைத் திறந்துவிடுவது, இந்த இரண்டையும்தான் மகனிடம் அவர் திரும்பத் திரும்பப் பழக்கினார். 13 வயதிலேயே பெரியவர்கள் அணியோடு பயிற்சி. 2014 ஏப்ரல் 13 அன்று ஆலேசுண்ட் அணிக்கு எதிராக லீகில் முதல் ஆட்டம். 15 வயது முடிந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. அன்றைய தேதிக்கு நார்வே முதல்நிலை லீகில் அவரைவிடச் சின்ன வயதில் யாரும் ஆடியதில்லை. அடுத்த மாதமே கோல். ஆகஸ்டில் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு எதிராகத் தேசிய அணியில் அறிமுகம். அக்டோபரில் பல்கேரியாவுக்கு எதிராக யூரோ தகுதிச் சுற்று ஆட்டம், அதிலும் அதுவரை இருந்த வயதுப் பதிவு உடைந்தது. அந்த வருஷம் லீகில் 23 ஆட்டங்கள், 5 கோல்கள். ஸ்ட்ரோம்ஸ்கோட்செட் அப்போது நடப்புச் சாம்பியன் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தோற்றுக்கொண்டிருந்த அணி வேறு வழியில்லாமல் ஒரு பள்ளிக்கூடப் பையனை இறக்கவில்லை.

அப்புறம் 2015 ஜனவரி 22, ரியல் மாட்ரிட். ஏன் அந்தத் தேதி? இதில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. 18 வயது நிரம்பாத வீரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற்றக்கூடாது என்பது ஃபிஃபாவின் விதி. சில விலக்குகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் அல்லது ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்குள் 16 வயதிலிருந்தே மாறலாம் என்பது அதில் ஒன்று. படிப்புக்கும் தங்குமிடத்துக்கும் வாங்கும் கிளப் பொறுப்பேற்க வேண்டும். நார்வே ஒன்றியத்தில் இல்லை, ஆனால் பொருளாதார வட்டாரத்தில் இருக்கிறது. டிசம்பர் 17இல் பையனுக்கு 16 ஆனது. ஐந்து வாரத்தில் கையெழுத்து. இதே விதியைப் பிடித்துக்கொண்டுதான் 2003இல் 16 வயது செஸ்க் ஃபாப்ரெகாஸை பார்சலோனாவிலிருந்து ஆர்சனல் கொண்டுபோனது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, 2021இலிருந்து, இங்கிலாந்து கிளப்களுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது.

மாட்ரிடில் நடந்ததைப் பார்ப்போம். 2015 மே 23, சீசனின் கடைசி ஆட்டம், எதிரணி கெடாஃபே. 58ஆவது நிமிடத்தில் ஆள் மாற்றும் பலகை உயர்கிறது. அன்று ஹாட்ரிக் அடித்திருந்த கிறிஸ்டியானோ ரொனால்டோ வெளியே வருகிறார், 16 வயது ஓடெகார்ட் உள்ளே போகிறார். ரியல் மாட்ரிடின் வரலாற்றிலேயே இளைய வீரர். ஆட்டம் 7-3. படத்துக்கு அருமையான தருணம். ஆனால் அது ஏற்கெனவே முடிந்துபோன சீசன், கோப்பை பார்சலோனாவுக்குப் போய்விட்டது. இரண்டு நாள் கழித்துப் பயிற்சியாளர் கார்லோ ஆஞ்செலோட்டியையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தப் பையனை வாங்கியதில் விளம்பர நோக்கம்தான் பெரிதாக இருந்தது என்ற பொருளில் ஆஞ்செலோட்டி பின்னாளில் எழுதினார். ஒரு பயிற்சியாளர் தனக்குத் தேவை என்று கேட்டு வாங்காத வீரருக்கு, அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், அணியில் இடம் தானாக உண்டாவதில்லை.

ஒப்பந்தத்தின் வடிவமே சிக்கலாக இருந்தது. வார நாட்களில் முதல் அணியோடு பயிற்சி. வார இறுதியில் ஸ்பெயினின் மூன்றாம் நிலையில் ஆடிக்கொண்டிருந்த இரண்டாம் அணியான காஸ்டில்யாவோடு ஆட்டம். அப்போது அதன் பயிற்சியாளர் ஜினடின் ஜிடான். கேட்பதற்கு இரண்டு உலகத்திலும் சிறந்தது மாதிரி இருக்கிறது. நடைமுறையில் இரண்டு உடைமாற்றும் அறையிலும் அவர் விருந்தாளி. எந்தக் கூட்டத்தோடும் ஒட்ட முடியவில்லை என்று பிற்காலத்தில் அவரே பேசியிருக்கிறார். ஆறு நாள் ஒருவரோடு பழகிவிட்டு ஏழாவது நாள் வேறு பதினோரு பேரோடு இறங்கினால் ஒரு விங்கர் எப்படியோ சமாளித்துவிடுவார். மிட்ஃபீல்டரால் முடியாது.

ஏன் முடியாது என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஓரத்தில் ஆடும் வீரருக்கு ஒரு பக்கம் கோடு. ஆபத்து மறுபக்கத்திலிருந்துதான் வரும். வேகம் இருந்தால் 17 வயதிலும் பிழைப்பு ஓடும். நடுகளத்தில் இருப்பவருக்கு நாலு பக்கமும் ஆள். பந்தை வாங்கும்போது முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார், எவ்வளவு வேகத்தில் வருகிறார், தன் ஆள் எந்தக் காலில் பந்தைக் கேட்பார், இதெல்லாம் பந்து வருவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஓஸ்லோவில் உள்ள நார்வே விளையாட்டு அறிவியல் கல்லூரியின் ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் இதைத்தான் பல வருஷமாக ஆராய்கிறார். பந்து வரும் முன்னான சில நொடிகளில் ஒரு மிட்ஃபீல்டர் எத்தனை முறை தலையைத் திருப்பிப் பார்க்கிறார் என்று வீடியோவில் எண்ணுவார். அதிகம் பார்ப்பவர்களின் பாஸ்கள்தான் அதிகம் சேருகின்றன என்பது அவர் கண்டது. ஓடெகார்டுக்குப் பார்க்கும் பழக்கம் ட்ராமெனிலேயே வந்துவிட்டது. ஆனால் பார்த்ததற்குப் பொருள் தெரிய வேண்டுமே. எந்த இடைவெளி நிஜம், எது பொறி என்பது முழு வயது ஆட்டக்காரர்களோடு, புள்ளிக்காக நடக்கும் ஆட்டங்களில், தப்புப் பண்ணித்தான் பிடிபடும். அதற்குத் தேவை மைதான நிமிடங்கள். மாட்ரிடில் கிடைக்காதது அதுதான்.

நிமிடங்கள் அதிகமானாலும் ஆபத்து இருக்கிறது. இதற்கு ஜாக் வில்ஷரைவிட வருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. 2008 செப்டம்பரில் 16 வயதில் ஆர்சனலுக்காக லீகில் இறங்கியவர். 2011 பிப்ரவரியில் பார்சலோனாவை ஆர்சனல் 2-1 என்று வென்ற இரவில், ஷாவி, இனியெஸ்தா இருந்த நடுகளத்தில் 19 வயதுப் பையனாகத் தலைநிமிர்ந்து ஆடியவர். அந்த ஒரே சீசனில் கிளப்புக்காக மட்டும் ஐம்பதை ஒட்டிய ஆட்டங்கள். பிறகு கணுக்காலில் அழுத்த முறிவு. அடுத்த சீசன் முழுக்கப் போய்விட்டது. அதற்கப்புறம் அவர் உடம்பு அவர் பேச்சைக் கேட்கவேயில்லை. 2022இல், 30 வயதில் ஓய்வு. ஃபாப்ரெகாஸின் பாதை வேறு. 16 வயது 177 நாளில் லீக் கோப்பையில் ஆர்சனலுக்காக முதல் ஆட்டம், 21 வயதில் கேப்டன், 2010 உலகக் கோப்பை இறுதியில் இனியெஸ்தாவின் கோலுக்குக் கடைசி பாஸ், 2023இல் ஓய்வு. அவருக்கு வாய்த்தது ஆர்சன் வெங்கர் என்ற ஒரே பயிற்சியாளர், ஒரே பாணி, எட்டு வருஷம். இந்த இருவருக்கும் நடுவே, 2004இல், 14 வயதில் அமெரிக்க லீகில் இறங்கிய ஃப்ரெடி அடு, அதன்பின் கண்டம் கண்டமாகக் கிளப் மாறியே காலத்தைக் கழித்தார். அறிமுக வயதை மட்டும் வைத்துப் பார்த்தால் அடுதான் இவர்களில் முதலிடம்.

சரி, ஹீரன்வீனுக்கு வருவோம். ஒன்றரை வருஷம் அங்கே. கோல்கள் அதிகமில்லை, தலைப்புச் செய்திகளும் இல்லை. பெரும்பாலும் வலது ஓரத்தில் வைத்து ஆடவிட்டார்கள். வாரா வாரம் பெயர்ப் பட்டியலில் இருந்தார். அது போதும். 2018-19 சீசனில் ஆர்ன்ஹெம் நகரின் விட்டெஸ்ஸே கிளப்புக்கு அடுத்த இரவல். ரஷ்யத் தேசிய அணிக்குப் பயிற்சியளித்திருந்த லியோனிட் ஸ்லுட்ஸ்கி அங்கே பொறுப்பில் இருந்தார். லீகில் 8 கோல்கள். அதைவிட முக்கியம், அணி பந்தை அவர் வழியாகக் கொண்டுபோகத் தொடங்கியது. விருந்தாளி வீட்டுக்காரரானது அங்கேதான்.

மூன்றாவது இரவல் ஸ்பெயினுக்கே. 2019-20, சான் செபாஸ்டியனில் ரியல் சோசியடாட், பயிற்சியாளர் இமனோல் அல்குவாசில். இப்போது ஓரம் இல்லை, நடுகளத்தில் வலப்பக்க இடம். 2020 பிப்ரவரி 6, ஸ்பானியக் கோப்பையின் காலிறுதி, சாண்டியாகோ பெர்னபேயு அரங்கம். எதிரே அவரை இரவல் கொடுத்த ரியல் மாட்ரிட், பெஞ்சில் இப்போது முதல் அணியின் பயிற்சியாளராகிவிட்ட ஜிடான். 22ஆவது நிமிடத்தில் ஓடெகார்ட் முதல் கோல். அலெக்சாண்டர் இசாக் இரண்டு, மிக்கெல் மெரினோ ஒன்று. ஆட்டம் 4-3, மாட்ரிட் வெளியே. சொந்தக்காரர் வீட்டுக் கதவையே இரவல் கொடுத்த கோடாலி பிளந்துவிட்டது.

அந்த சீசன் முடிந்ததும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஆனால் 2020-21 தொடக்கத்தில் ஜிடானின் அணியில் காசெமிரோ, க்ரூஸ், மோட்ரிச் மூவரையும் தாண்டி இடமில்லை. முழங்கால் தசைநாண் வலியும் கூடவே இருந்தது. இங்கேதான் 22 வயது ஓடெகார்ட் 16 வயதுப் பையனிலிருந்து மாறுபடுகிறார். உலகத்தின் பெரிய கிளப்பில் உட்கார்ந்திருக்க அவர் தயாராக இல்லை. ஜனவரியில் நாலாவது முறையாக இரவல், இந்தத் தடவை ஆர்சனல். பயிற்சியாளர் மிக்கெல் அர்டெட்டா, அவரும் பழைய மிட்ஃபீல்டர், சான் செபாஸ்டியன்காரர். 2021 ஆகஸ்டில் நிரந்தர ஒப்பந்தம். விலை சுமார் 3 கோடி பவுண்டு என்று சொல்லப்பட்டது.

அந்தப் பணத்தில் ஒரு துளி எங்கே போகும் என்பது எனக்குப் பிடித்த விவரம். ஒரு வீரர் நாடு விட்டு நாடு விற்கப்படும்போது தொகையில் 5 சதவீதத்தை, அவரை 12 வயதிலிருந்து 23 வரை வளர்த்த கிளப்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்கிறது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வரை ஒவ்வொரு வருஷத்துக்கும் மொத்தத் தொகையில் கால் சதவீதம். 16 முதல் 23 வரை வருஷத்துக்கு அரை சதவீதம். இரவலில் இருந்த காலமும் கணக்கில் சேரும். ஆக ஸ்ட்ரோம்ஸ்கோட்செட் மட்டுமல்ல, ஹீரன்வீன், விட்டெஸ்ஸே, சோசியடாட் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. உலகம் வாய்பிளந்து பார்த்த 15 வயதுக்கு ஒரு மடங்கு, யாரும் பார்க்காத 18, 19க்கு இரண்டு மடங்கு. விதி எழுதியவர்கள் நிச்சயம் ஓடெகார்டை நினைத்து எழுதவில்லை, ஆனால் அவர் விஷயத்தில் கணக்கு அச்சாகப் பொருந்துகிறது.

ஆர்சனலில் அவர் ஆட்டத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் அந்த வருஷங்கள் தெரியும். வலப்பக்கம், நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே உள்ள சந்தில் நிற்பார். பந்து வருவதற்குள் தலை இரண்டு, மூன்று முறை திரும்பியிருக்கும். இடது காலில் பந்தை வாங்கி, உள்ளங்காலால் லேசாக இழுத்து, அரை நொடி ஒன்றுமே செய்யாமல் நிற்பார். அந்த அரை நொடிதான் விஷயம். எதிரணியின் தடுப்பாளர் பொறுமை இழந்து ஓரடி முன்னால் வைப்பார், அவர் விட்ட இடத்தில் வலது ஓரத்துச் சக வீரர் புகாயோ சாகா ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருப்பார். அவசரக்காரப் பையனால் அந்த அரை நொடி நிற்க முடியாது. பந்து பறிபோனால் முதலில் ஓடுகிறவரும் அவர்தான். ஒரு கையை நீட்டி யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக்கொண்டே எதிரணித் தடுப்பாளர் மேல் பாய்வார். 15 வயதில் அவரைப் பார்த்து வியந்தவர்கள் யாரும் இந்த ஓட்டத்தை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். குறையும் உண்டு. எல்லாமே இடது கால்தான். எதிரணி அந்தப் பக்கத்தை அடைத்துவிட்டால் பந்து பின்னாலும் பக்கவாட்டிலும் உருண்டுகொண்டிருக்கும் நாட்களையும் பார்த்திருக்கிறோம்.

2022 ஜூலையில், 23 வயதில் ஆர்சனல் கேப்டன். அதற்கு முந்தைய வருஷமே நார்வேக்குக் கேப்டனாகியிருந்தார். 2022-23 பிரீமியர் லீகில் 15 கோல்கள், ஒரு மிட்ஃபீல்டருக்குப் பெரிய எண்ணிக்கை. அந்த சீசனிலிருந்து தொடர்ந்து மூன்று முறை ஆர்சனல் இரண்டாம் இடம். அவர் இல்லாதபோது என்ன ஆகும் என்பது 2024 இலையுதிர்காலத்தில் தெரிந்தது. செப்டம்பரில் ஓஸ்லோவில் ஆஸ்திரியாவுக்கு எதிரான ஆட்டத்தில் கணுக்கால் பிசகியது, இரண்டு மாதம் வெளியே. அந்த இடைவெளியில் ஆர்சனல் போர்ன்மவுத்திடமும் நியூகாசிலிடமும் கோலே அடிக்காமல் தோற்றது. பந்து சந்துக்குப் போனது, அங்கே ஆள் இல்லை.

2025 ஏப்ரலில் சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. ஆர்சனலுக்கு வாய்த்த எதிரணி ரியல் மாட்ரிட். லண்டனில் முதல் ஆட்டம் 3-0, மூன்றாவது கோல் மெரினோ. ஆமாம், சோசியடாடில் கூட ஆடிய அதே மெரினோ, இப்போது இவரது கேப்டன்சியில். ஏப்ரல் 16 அன்று பெர்னபேயுவில் இரண்டாவது ஆட்டம், அதிலும் 2-1 வெற்றி. எதிர் பெஞ்சில் நின்றவர் மறுபடியும் பொறுப்புக்கு வந்திருந்த ஆஞ்செலோட்டி. ரொனால்டோவுக்குப் பதிலாக ஓடெகார்டை உள்ளே அனுப்பிய அந்த மாலைக்குப் பத்து வருஷம் ஆக ஐந்து வாரம்தான் பாக்கி.

2026க்கு முன்பு நார்வே கடைசியாக உலகக் கோப்பையில் ஆடியது 1998இல். அந்த ஜூனில் பிரேசிலை 2-1 என்று வீழ்த்தியது, ஓடெகார்ட் பிறந்தது அந்த டிசம்பரில். அதுவரை அவர் வாழ்நாளில் நார்வே உலகக் கோப்பைக்குப் போனதேயில்லை. 2026க்கான தகுதிச் சுற்றில் எட்டு ஆட்டத்தில் எட்டு வெற்றி, 37 கோல்கள். அதில் 16 எர்லிங் ஹாலண்டுடையவை. 2025 நவம்பர் 16, மிலான் நகரின் சான் சிரோ அரங்கில் இத்தாலியை 4-1 என்று வென்று இடம் உறுதியானது. 15 வயதிலிருந்து அந்தச் சட்டையை அணிந்துவந்த கேப்டனால் அன்று களத்தில் இருக்க முடியவில்லை. அக்டோபரில் பட்ட முழங்கால் காயம் இன்னும் ஆறியிருக்கவில்லை.